உப்புப் பார்த்த விரல்

லூர்துசெல்வியின் சமையலறையில் எல்லாமே இரண்டு இரண்டாக இருக்கும். பச்சைப் பிடி போட்ட கத்தி காய்க்கு, சிவப்புப் பிடி போட்டது கறிக்கு. காய் நறுக்கும் பலகை குழாய்க்குப் பக்கத்தில், கறிப் பலகை ஜன்னலோரம். கறிச்சட்டி சைவ அடுப்பில் ஏறாது. சைவக் கரண்டி கறிக்குழம்பில் இறங்காது. சாரம் பகுதியில் அவள் வீட்டு முன்னறையில் நடந்த மெஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டார்கள். அவர்களில் மூன்று பேர் கறி தொடாதவர்கள். ஒரு கிறிஸ்தவ வீட்டில் அந்த மூன்று பேர் நம்பிக் கை நனைப்பதற்கு இந்த இரண்டு இரண்டுதான் காரணம் என்று அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மூவரில் இனியவன் மாடி அறையிலேயே குடியிருந்தான். வடலூர்ப் பக்கம். வள்ளலார் வழியில் நிற்கும் குடும்பம். முட்டைகூட அவன் வாயில் பட்டதில்லை. நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. காலையில் குளித்து, அறையில் ஒரு சின்ன விளக்கை ஏற்றி, அதன் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கீழே இறங்குவான். லூர்துசெல்வி கையால் பிசைந்து செய்யும் வெங்காயப் பச்சடி என்றால் அவனுக்கு உயிர். மற்றவர்கள் மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்பதுபோல அவன் பச்சடியைக் கேட்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே அவனுடைய வலது கை விரல்கள் துடிக்க ஆரம்பித்தன. சோற்றை உருட்டுகிறான் என்றுதான் பக்கத்தில் இருந்த அருள்முருகன் நினைத்தான். பிறகு வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, பெஞ்சிலிருந்து சரிந்தான். அருள்முருகன் சாவிக்கொத்தைத் தேடி எடுத்து அவன் கையில் திணித்தான். லூர்துசெல்வியின் கணவன் ஜூலியன் சாவியைத் தட்டிவிட்டு, பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, துடிப்பு அடங்கியதும் தன் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மூளையில் ஒரு சின்ன வளையம் தெரிந்தது. நாடாப்புழுவின் குட்டி அங்கே போய்க் கூடு கட்டியிருக்கிறது, அதைச் சுற்றி வீங்கியதால் வலிப்பு வந்திருக்கிறது, மருந்தில் சரியாகும் என்றார்கள். வண்டி ஓட்டக் கூடாது, மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது.

ஊரிலிருந்து அவன் அம்மா கன்னியம்மாள் வந்தாள். வந்த அன்றைக்கே உறவுக்காரர் ஒருவர் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்ன செய்தி அவளுக்கு வந்தது: அது பன்றிக் கறியில் இருக்கும் புழு. அதற்கு மேல் கன்னியம்மாளுக்கு எதுவும் தேவைப்படவில்லை. மகன் இருப்பது கிறிஸ்தவ வீடு. அந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பன்றிக் கறி வருகிறது என்று அவனே சொல்லியிருக்கிறான்.

மறுநாள் காலை லூர்துசெல்வி மாடிக்குக் கஞ்சி எடுத்துப் போனாள். இனியவன் தலைமுடி ஈரம் சொட்ட விளக்கின் முன் குனிந்திருந்தான். கையில் தீப்பெட்டி. கன்னியம்மாள் அதை வாங்கிக்கொண்டாள்.

"நீ ஏத்த வேணாம். நான் ஏத்திக்கிறேன்."

"அம்மா, நான் துன்னலம்மா."

"புழு என்னா பொய்யா சொல்லுது?"

பிறகுதான் வாசலில் நின்றவளைப் பார்த்தாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள். "நீங்க சொல்லுங்க. தெரியாம கலந்துட்டீங்களா, இல்ல இவன்தான் கேட்டுத் துன்னானா? ரெண்டுல ஒண்ணுதான இருக்கும்?"

இரண்டும் இல்லை என்று லூர்துசெல்வி சொன்னாள். கத்தியைப் பற்றிச் சொன்னாள், பலகையைப் பற்றிச் சொன்னாள், கீழே வந்து பார்க்கக் கூப்பிட்டாள். கன்னியம்மாள் வரவில்லை. கஞ்சியும் அப்படியே கீழே வந்தது. அன்று முதல் அவளே மாடியில் ஒரு சின்ன ஸ்டவ் வைத்து மகனுக்குப் பொங்கினாள். பெற்ற பிள்ளையைப் பட்டினி போடவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். மாட்டைப் பார்க்க ஆள் இல்லை என்று இடையில் ஊருக்குப் போனபோதும், விளக்கைத் தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

அந்த வாரம் டாக்டரைப் பார்க்க இனியவனோடு லூர்துசெல்வியும் போனாள். தன் பேரில் விழுந்த பழியைத் துடைத்துக்கொள்ளத்தான் போனாள் என்றாலும் தப்பில்லை. தீபலட்சுமி என்ற அந்த டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லூர்துசெல்வி ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், எங்க வீட்டுல கத்தி வேற, சட்டி வேற. கறி இவரு தட்டுல விழுந்திருக்கவே முடியாது. அத நீங்களே இவங்க அம்மாவுக்குப் போன்ல ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"விழுந்திருந்தாலும் தலையில நேரா இது வராதும்மா," என்றார் டாக்டர்.

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னார். பன்றிக் கறியில் அரிசி மணி மாதிரி வெள்ளையாகப் புழுவின் கூடு இருக்கும். அதைச் சரியாக வேகாமல் சாப்பிட்டவருக்குக் குடலில் புழு வளரும். நாடா மாதிரி நீளமாக வளர்ந்து, வருஷக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கும். அதன் முட்டை மலத்தோடு வெளியே வரும். வெளிக்குப் போன இடத்தில் பன்றி மேய்ந்தால் பன்றிக்குள் போகும். கழுவாத கையிலோ, தண்ணீரிலோ, பச்சையாகச் சாப்பிடும் காயிலோ ஒட்டிக்கொண்டால் மனுஷர் வாய்க்குள் போகும். முட்டையாக உள்ளே போனால்தான் அது ரத்தத்தில் ஏறி மூளையில் போய்த் தங்கும்.

"கறி சாப்பிட்டவங்களுக்கு வயித்துல. யாரோ ஒருத்தர் கைய சோப்பு போட்டுக் கழுவலன்னா, இன்னொருத்தருக்குத் தலையில. இவரு சைவம்னா அது நிஜமாவே இருக்கும். நான் இந்த மாதிரி சைவக்காரங்க நெறைய பேரப் பாத்திருக்கேன்."

இனியவன் லூர்துசெல்வியைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் அத்தனை நாளில் இல்லாத வெளிச்சம் வந்தது. அவளும் சிரித்தாள். ஜெயித்துவிட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே, 'யாரோ ஒருத்தர் கை' என்ற சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்தது.

மாத்திரை வாங்கி வர இனியவனை அனுப்பிவிட்டு டாக்டர் கேட்டார், வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று.

லூர்துசெல்வி நன்றாக வேகவைத்துத்தான் கறி சாப்பிடுவாள். சந்தேகமே இல்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அவள் சொசீஸ் செய்வாள். பன்றிக் கறியைக் கொத்தி, பூண்டும் மிளகும் வினிகரும் சேர்த்துப் பிசைந்து, கழுவிய குடலில் அடைத்துக் கயிறு கட்டுவது. பிரெஞ்சு அரசாங்க பென்ஷன் வரும் பழைய வீடுகள் நாலைந்து அவளிடம்தான் வாங்கும். குடலில் அடைத்துவிட்டால் பிறகு உப்பைத் திருத்த வழியில்லை. அதனால் பிசைந்த பச்சைக் கறியில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பாள். அவள் அம்மாவும் அப்படித்தான் பார்த்தாள். அந்த வேலை தெரிந்த எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். கறியில் எப்போதாவது வெள்ளை மணிகள் தென்பட்டால் கொழுப்பு என்று நினைத்துச் சேர்த்தே கொத்தியிருக்கிறாள்.

"சாப்புட மாட்டேன் மேடம்," என்றாள். "உப்பு பாத்துட்டுத் துப்பிடுவேன்."

"எல்லாத்தையுமா?"

ஒரு மணியளவு தொண்டையில் இறங்கியதா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்? டாக்டர் அடுத்ததைக் கேட்டபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆமாம், வெள்ளையாக, தட்டையாக, சின்ன ரிப்பன் துண்டு மாதிரி வெளியே போனதைப் பார்த்திருக்கிறாள். நாக்குப்பூச்சி என்று நினைத்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டாள். அதோடு தீர்ந்தது என்று விட்டுவிட்டாள். அது வேறு பூச்சிக்கு, இந்தப் புழுவுக்கு அதை நம்ப முடியாது என்றார் டாக்டர். மோஷன் டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார்.

டெஸ்ட்டில் முட்டை இருந்தது.

லூர்துசெல்வி அழுக்குப் பிடித்தவள் அல்ல. இரண்டு வேளை குளிப்பவள். ஆனால் கக்கூஸ் கொல்லைப் பக்கம் இருந்தது. அங்கே குழாயடியில் வைத்த சோப்பைக் காக்கா தூக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி வைத்தாள், மறுபடி போயிற்று. அதன் பிறகு சோப்பு குளியலறைக்குள்ளேயே தங்கிவிட்டது. கொல்லைக் குழாயில் வெறும் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, முந்தானையில் துடைத்தபடி அடுப்படிக்கு வருவாள். பச்சைப் பிடிக் கத்தியைத் தேடி எடுத்து வெங்காயம் நறுக்குவாள். உப்புப் போட்டுக் கையால் பிசைவாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் வரிசையாக இருந்தது.

அப்படியும் டாக்டர் ஒன்று சொன்னார். இனியவனுக்கு இவளிடமிருந்துதான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தலையில் அது பல வருஷம் சும்மா கிடந்து பிறகு வெளிக்காட்டும். தெருவில் வாங்கித் தின்ற எதிலும் வந்திருக்கலாம். இவளுக்குத் தலைவலியோ வலிப்போ உண்டா என்று கேட்டுவிட்டு, வயிற்றோடு நின்று வேலை செய்யும் மாத்திரையை எதிரிலேயே விழுங்க வைத்தார். சில மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். வீட்டில் இருப்பவர்களும் தினமும் அங்கே சாப்பிடுபவர்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது என்றார். முட்டை இவளுடைய வாய்க்கே திரும்பப் போனாலும் இதே கதைதான் என்றும் சொன்னார்.

வீட்டில் அன்று ஜூலியனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு அவன் சொன்னான்.

"உறுதியா சொல்ல முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க இல்ல? அப்பறம் நீ எதுக்கு மைக் போட்டுக்கினு சொல்லணும்? மாத்திர போட்டாச்சு, முடிஞ்சுது. கிறிஸ்துமஸ் வருது செல்வி. சொன்னா ஒருத்தனும் இந்த வாசல்ல கால் வெக்க மாட்டான்."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மெஸ்ஸில் சாப்பிடுபவர்களிடம், இனியவனுக்கு இப்படி ஆனதால் எல்லோரும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்றாள். அதிலும் பொய் இல்லை. எல்லோரும் எடுத்தார்கள். ஜூலியன் உட்பட அவர்களில் யாருக்கும் இல்லை. தன் டெஸ்ட்டைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பாதி உண்மை இனியவன் தலையில் விடிந்தது. டாக்டர் சொன்னதை அவன் அம்மாவிடம் போனில் சொன்னான். டாக்டரும் பேசிப் பார்த்தார். மகன் மானத்தைக் காப்பாற்ற ஆஸ்பத்திரியில் நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வார்கள் என்று சொல்லிக் கன்னியம்மாள் போனை வைத்துவிட்டாள். மெஸ்ஸில் அவன் உட்கார்ந்தால் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. யாரோ அவனுடைய டம்ளரை மட்டும் பிரித்து ஜன்னல் கட்டையில் வைத்தார்கள். தலையில் இருக்கும் கூடு யாருக்கும் தொற்றாது என்று அவன் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

"என்னா மாப்ள," என்றான் அருள்முருகன் ஒரு நாள், குழம்பை ஊற்றிக்கொண்டே. "எங்களோட உக்காந்தா சைவம், தனியா போனா ஸ்பெஷலா? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன் இல்ல?"

இரண்டு பேர் சிரித்தார்கள். இனியவன் எழுந்து கை கழுவப் போனான். தட்டில் பாதி சோறு கிடந்தது. லூர்துசெல்வி ரசப் பாத்திரத்தோடு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ரசம் வேண்டுமா என்று அடுத்தவரைக் கேட்டாள்.

அன்று முழுக்க அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மெஸ் போகும். சொல்லாவிட்டால் ஒரு பிள்ளை பெற்ற தாயிடமே பொய்யன் ஆகிறான். இரண்டையும் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்தாள். தராசு ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம்தான் சாய்ந்தது. சாய்ந்த பக்கம் போகத்தான் கால் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மாள் வந்திருந்தாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் லூர்துசெல்வி மாடி ஏறிப் போய், ஒரு நிமிஷம் கீழே வரச் சொல்லிக் கூப்பிட்டாள். சாப்பிட இல்லை, கேட்டுவிட்டுப் போங்கள் என்றாள். ஜூலியனுக்குப் புரிந்துவிட்டது. அவன் ஆட்டோவைத் துடைக்கிற மாதிரி வெளியே போய் நின்றுகொண்டான்.

அவள் ஜன்னல் கட்டையிலிருந்து இனியவன் டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு அடுக்கினாள். அதன் பிறகுதான் பேசினாள்.

"டெஸ்ட்டுல உங்க யாருக்கும் இல்ல. எனக்கு இருந்துச்சு. புழு என் வயித்துல இருந்துச்சு. அதோட முட்டதான் இவரு தலைக்குப் போயிருக்கு. இவரு கறி துன்னதால வரல."

அருள்முருகன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவளையே பார்த்தான்.

கன்னியம்மாள் நிதானமாகக் கேட்டாள். "எம்புள்ள துன்னல?"

"துன்னல."

"நீங்க கலக்கல?"

"கலக்கல."

"அப்ப எப்படிப் போச்சு?"

லூர்துசெல்வி கையை நீட்டிக் காட்டினாள். கொல்லைக் குழாயைப் பற்றிச் சொன்னாள். சோப்பைப் பற்றிச் சொன்னாள். பச்சைக் கறியில் உப்புப் பார்த்ததைச் சொன்னாள். கடைசியாகப் பச்சடியைச் சொன்னாள்.

"அம்மா, எங்கேருந்து வந்துச்சுன்னு டாக்டர் அறுதியா சொல்லல," என்றான் இனியவன். "நான் பீச்சாண்ட பேல்பூரியெல்லாம் துன்றேன். அதுலகூட இருக்கலாமாம்."

"நீ சும்மா இரு."

கன்னியம்மாள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் சொன்னது இதுதான்.

"கத்திய மாத்துனீங்க. சட்டிய மாத்துனீங்க. கை ஒண்ணுதானேம்மா."

சொல்லிவிட்டு மாடி ஏறினாள். இனியவனும் பின்னால் போனான். லூர்துசெல்வி பாத்திரங்களை அள்ளிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். மாடி ஜன்னல் கொல்லைப் பக்கம்தான் திறக்கும். கொஞ்ச நேரம் சாமான் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கன்னியம்மாளின் குரல்.

"இனியா. வத்திப்பெட்டி அங்க இருக்கு பாரு. நீயே ஏத்து."

மறுநாள் இனியவன் அறையைக் காலி செய்துகொண்டு வில்லியனூரில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போனான். மெஸ்ஸில் பாதிப் பேர் அந்த வாரமே நின்றார்கள். மற்ற இரண்டு சைவக்காரர்களும் அதில் அடக்கம். அருள்முருகன் நிற்கவில்லை. அவன் சாப்பிட வரும்போதெல்லாம் கொல்லைக் குழாயைப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். அங்கே வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பையில் சோப்பைப் போட்டுக் குழாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள் லூர்துசெல்வி. காக்கா வந்து கொத்திப் பார்த்தது, அவிழ்க்கத் தெரியவில்லை. "காக்கா மட்டும்தான் இன்னும் கை கழுவல," என்றான் அருள்முருகன். இனியவனிடம் மன்னிப்புக் கேட்டானா என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கே அந்தக் கணக்கு பாக்கி இருந்தது.

வெளியில் தின்றதிலும் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவளே சொல்லியிருக்க வேண்டுமோ என்று சில நாள் யோசித்தாள். சொல்லாமல் விட்டது நேர்மையா, அல்லது அதுவும் ஒரு பாதி உண்மையா? தெளிவாக ஒன்றும் தோன்றவில்லை.

டிசம்பரில் சொசீஸ் கேட்டு இரண்டு வீடுகள்தான் வந்தன. விஷயம் அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது, இருந்தாலும் வந்தார்கள். நன்றாக வேகவைக்காமல் சாப்பிடாதீர்கள், வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பே தெரியக் கூடாது என்று அவர்களிடம் சொன்னாள். கறியை வெளிச்சத்தில் பிரித்துப் பிரித்துப் பார்த்து வாங்கினாள். கொத்தி, பிசைந்து, பூண்டு மிளகு வினிகர் சேர்த்தாயிற்று. பழக்கத்தில் ஒரு கிள்ளு எடுத்த விரல் பாதி வழி வந்துவிட்டது. நிறுத்தினாள். சின்ன தோசைக்கல்லைப் பற்றவைத்து, அந்தக் கிள்ளைத் தட்டையாகத் தட்டிப் போட்டு, இரு பக்கமும் கருகும் அளவுக்கு வேகவிட்டாள். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து வாயில் போட்டாள். உப்பு குறைவு. இவ்வளவு எளிதாக இருந்ததை நினைத்து அவளுக்குக் கோபம்தான் வந்தது.

பொங்கலுக்குப் பிந்திய ஒரு வேலை நாளில், கூட்டம் கலைந்த நேரத்தில் இனியவன் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான், மாத்திரையால் என்றான். அதன் பிறகு வலிப்பு வரவில்லையாம். அடுத்த ஸ்கேனில் கூடு சுருங்கியிருந்ததாம். கடைக்குப் பக்கத்தில் இருக்கும் மெஸ்ஸில் சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை என்றான். அம்மாவுக்குத் தெரியுமா என்று அவள் கேட்டாள். இன்றைக்குப் போனில் சொல்வேன் என்றான்.

கொல்லைக்குப் போய், வலைப்பையோடு சோப்பைத் தேய்த்து, நகக்கண் வரை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் இலை போட்டாள். சோறு, சாம்பார், பொரியல். அவன் இலையையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"பச்சடி மட்டும் வேணாம்க்கா."

"செய்யலப்பா," என்றாள் லூர்துசெல்வி. "மறு டெஸ்ட் வர்ற வரைக்கும் செய்யறதா இல்ல."

அவன் தலையாட்டிவிட்டு சாம்பாரைப் பிசைந்தான். அவள் அப்பளம் பொரிக்க உள்ளே போனாள்.